பொது ஆகாயத்தில் ஒரு சிறு அலுவலகம்

கம்பியின் வழியே செல்லும் செய்தியில் தடை நேர்ந்தால், கம்பி அறுந்திருக்கிறது என்றோ, முனை கழன்றிருக்கிறது என்றோ, எலி கடித்திருக்கிறது என்றோ கண்ணால் கண்டும் கையால் தொட்டும் நிச்சயித்துவிடலாம். கம்பியில்லாத வலையமைப்பில் நேரும் கோளாறோ, காலை பத்து மணிக்குத் தோன்றிப் பதினொரு மணிக்கு மறைந்து, அதைப் பழுதுபார்க்க வந்தவர் அறையில் இருக்கும்வரை அடங்கி நின்று, அவர் படியிறங்கிப் போன பிறகு மறுபடியும் தலைகாட்டும் இயல்புடையது. இந்த நிலையின்மையைக் கண்ட பலர், இதற்குக் காரணமே கிடையாது என்றும், பெட்டியை அணைத்துப் போடுவதைத் தவிர வேறு பரிகாரமில்லை என்றும் முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு தவறானது. இயற்கையில் வேறெந்த நிகழ்ச்சிக்கும் உள்ளதுபோலவே இதற்கும் திட்டமான காரணகாரியத் தொடர்பு உண்டு; அதைத் தேடிச் செல்லும் பாதை நேரானது, பொறுமையுள்ள எவருக்கும் கைகூடக்கூடியது.

உதாரணத்துக்கு, கோயம்புத்தூரில் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் இயங்கும் ஆடிட்டர் அலுவலகம் ஒன்றை மனத்தில் கொள்வோம். கனமான செங்கற்சுவர்கள், தெருப்பக்கம் ஒரு முன்கூடம், அதையடுத்து ஆடிட்டரின் தனியறை, கோப்புகள் நிறைந்த இரும்பு பீரோக்கள் வரிசையாக நிற்கும் ஒரு நடை, அந்த நடையைத் தாண்டிப் பின்கட்டில், பயிற்சிக்கு வந்த இளைஞர்கள் லேப்டாப்புகளோடு அமர்ந்திருக்கும் அறை. ஃபைபர் கம்பி தெருச்சுவரைத் துளைத்து உள்ளே நுழைகிற மூலையிலேயே, இணைப்புக் கொடுக்க வந்தவருக்கு வசதியாக இருந்த ஓர் ஆணியில், ரௌட்டர் மாட்டப்பட்டிருக்கிறது. மற்ற நாள்களில் எப்படியோ ஓடிக்கொண்டிருக்கும் வைஃபை, ஜி.எஸ்.டி. கணக்குகளைத் தாக்கல் செய்ய வேண்டிய 20-ஆம் தேதியன்று, எல்லோரும் ஒருங்கே அமர்ந்து வேலை செய்கிற அந்த ஒரு நாளில், அறுந்து அறுந்து வருகிறது. உடனே இரண்டு யோசனைகள் எழுகின்றன: ஒன்று, இணையக் கம்பெனியிடம் சொல்லி 100 மெகாபிட் வேகத்தை 300 ஆக உயர்த்திக்கொள்வது, மற்றொன்று, ஆறு ஆன்டெனாக்கள் உள்ள விலையுயர்ந்த ரௌட்டர் ஒன்றை வாங்கி வந்து அதே ஆணியில் மாட்டுவது. இவ்விரண்டும் பெரும்பாலும் பயனளிப்பதில்லை; ஏன் என்பதை விளங்கிக்கொண்டவருக்கு இந்த அத்தியாயத்தின் பொருள் முழுவதும் விளங்கிவிடும்.

சற்றே பின்னோக்கிச் செல்வோம். 1971-ஆம் ஆண்டில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ராம்சன் என்ற பேராசிரியரும் அவருடைய சகாக்களும், கடலால் பிரிக்கப்பட்ட தீவுகளில் இருந்த கருவிகளை ஹானலூலுவில் இருந்த ஒரு கணிப்பொறியோடு ரேடியோ அலைகளால் இணைத்தார்கள். அந்த அமைப்புக்கு அலோஹாநெட் என்று பெயர். அதில் ஒவ்வொரு நிலையமும் தனக்கு வேண்டியபோது பேசிவிடும். இரண்டு நிலையங்கள் ஒரே சமயத்தில் பேசிச் செய்திகள் மோதிச் சிதைந்தால், 'பெற்றுக்கொண்டேன்' என்ற பதில் வராததைக் கண்டு, இரண்டும் தனித்தனியே ஏதோ ஓர் அளவு காலம் காத்திருந்து மீண்டும் அனுப்பும். எளிமையான, அழகான யோசனை; ஆனால் கணிதம் அதற்கு ஓர் எல்லை வகுத்தது. இப்படி முறையின்றிப் பேசினால், அலைவரிசையின் காலத்தில் அதிகபட்சம் 18 சதவிகிதமே பயனாகும், எஞ்சியது மோதலிலும் மௌனத்திலும் வீணாகும் என்று அது காட்டியது. ஒரே ஆகாயத்தைப் பலர் பொதுவில் பயன்படுத்தும்போது ஒவ்வொருவருக்கும் கிடைப்பது காலத்தின் ஒரு பங்குதான் என்னும் உண்மை அன்றே தெளிவாகிவிட்டது. இன்று நம் அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கும் பெட்டிக்கும் அதுவே அடிப்படை விதி.

அந்தப் பொது ஆகாயம் பொதுவாக்கப்பட்ட வரலாறும் அறியத்தக்கது. 2,450 மெகாஹெர்ட்ஸ் அலைகளைக் கொண்டு உணவைச் சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்புகள் முதலிய உபகரணங்களுக்கென ஒதுக்கப்பட்டு, செய்தித் தொடர்புக்கு அதிகம் உதவாது என்று எண்ணப்பட்டிருந்த பட்டையை, 1985-இல் அமெரிக்க அரசு, உரிமம் இன்றி எவரும் ரேடியோத் தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. 1997-இல் முதல் வைஃபை தரநிர்ணயம் விநாடிக்கு 2 மெகாபிட் வேகத்தோடு வெளிவந்தது. 1999-இல் 11 மெகாபிட் ஆயிற்று. இந்தியாவில் 2005-இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையும், 2018-இல் 5 கிகாஹெர்ட்ஸில் விரிவான ஒரு பரப்பும் உரிமத் தேவையிலிருந்து விடுவிக்கப்பட்டன. உரிமம் வேண்டாம் என்பதில் ஒரு பெரும் சுதந்திரம் இருக்கிறது. உரிமையும் இல்லை என்பது அதன் மறுபக்கம். பக்கத்துக் கட்டடத்துக்காரர் நம் அலைவரிசையிலேயே பேசினால் அவரைத் தடுக்க நமக்கு எந்த அதிகாரமும் கிடையாது. அடுப்பும், புளூடூத் காதணியும், கம்பியில்லாத மௌஸும், கண்காணிப்புக் கேமராவும் அங்கே நமக்குச் சமமான பிரஜைகள்.

இனி அலையின் பலத்தைப் பற்றி. ரௌட்டர் சாமான்யமாக ஒரு வாட்டின் பத்தில் ஒரு பங்கு சக்தியை வெளியிடுகிறது. அது நாற்புறமும் பரவிச் சுவர்களைத் துளைத்து லேப்டாப்பை அடையும்போது, புறப்பட்டதில் ஐம்பது கோடியில் ஒரு பங்கு எஞ்சியிருந்தாலும், அது நல்ல சிக்னல் என்றே பொறியாளர்கள் கொள்கிறார்கள். அவர்களுடைய கணக்கில் அது மைனஸ் 67 டிபிஎம். இத்துணை நுண்ணிய அளவைக் கேட்டறியும் கருவி நம் மேசைமேல் இருக்கிறதே என்று வியப்பது தகும். ஆயினும் மைனஸ் 80-க்குக் கீழே போனால் அந்தக் கருவியும் தடுமாறுகிறது. செங்கற்சுவர் சிறிது விழுங்கும். இரும்புக் கம்பி வைத்துக் கட்டிய கான்கிரீட் தூண் அதிகம் விழுங்கும். தண்ணீர்த் தொட்டியும், கூடியிருக்கும் மனிதர்களின் உடல்களும் விழுங்கும். இரும்பு பீரோவோ அலையை அப்படியே திருப்பி அடித்துவிடும். நம் ஆடிட்டர் அலுவலகத்தில் ரௌட்டருக்கும் பின்கட்டுக்கும் இடையே பீரோக்கள் ஒரு கோட்டைச்சுவர் போல நிற்பதை இப்போது புதிய கண்ணோடு பார்க்கலாம்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். நேரே வந்த அலையும் பீரோவில் பட்டுத் திரும்பி வந்த அலையும் ஓர் இடத்தில் சந்திக்கும்போது, ஒன்றின் மேடும் மற்றொன்றின் பள்ளமும் பொருந்தினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அங்கிருந்து ஓரிரு விரற்கடை தள்ளிப்போனாலே நிலைமை மாறிவிடும். லேப்டாப்பைச் சற்று நகர்த்தி வைத்தவுடன் இணைப்பு உயிர்பெறுவது இதனால்தான். இப்படிப் பலமுறை எதிரொலித்து வரும் அலைகளின் குழப்பத்தைக் கணிதத்தால் பிரித்தெடுக்க வழி கண்டவர்களில் முக்கியமானவர் ஆஸ்திரேலிய விஞ்ஞானியான ஜான் ஓசல்லிவன். ஆவியாகி வெடிக்கும் சிறு கருந்துளைகளின் ரேடியோச் சுவடுகளை வானத்தில் தேடியபோது அவர் பெற்ற அநுபவம், சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தில் அவரும் சகாக்களும் 1992-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறைக்கு உதவியது. கருந்துளை அகப்படவில்லை, அந்தத் தேட்டத்தின் பயன் கோடிக்கணக்கான அலுவலகங்களில் நிலைத்துவிட்டது. உடனடிப் பயன் எதையும் கருதாமல் செய்யும் ஆராய்ச்சிக்கு இதைக் காட்டிலும் நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

பலம் போதுமானதாக இருந்தும் வேகம் குன்றுவது எப்படி என்பதே இந்தச் சாஸ்திரத்தின் மையமான கேள்வி. வைஃபை கருவிகள் அலோஹாவைவிட ஒழுக்கமானவை. ஒவ்வொன்றும் பேசுவதற்குமுன் காதுகொடுத்துக் கேட்கும். வேறு யாரும் பேசவில்லை என்று உறுதியான பிறகும் உடனே தொடங்கிவிடாமல், பூஜ்யம் முதல் பதினைந்து வரை ஏதோ ஓர் எண்ணைத் தனக்குள் தேர்ந்துகொண்டு அத்தனை நுண்கணங்கள் காத்திருந்து, பிறகே பேசும். பதில் வராவிட்டால் காத்திருக்கும் எல்லையை இரட்டிப்பாக்கிக்கொண்டு மீண்டும் முயலும். ஆகவே ஓர் அலைவரிசையில் ஒரு சமயத்தில் ஒருவரே பேச முடியும். விநாடிக்கு 54 மெகாபிட் வேகத்தில் பேசக்கூடிய லேப்டாப் 1,500 பைட் கொண்ட ஒரு செய்தித்துண்டை ஒரு மில்லி விநாடியில் கால் பங்கும் செல்லாமல் அனுப்பிவிடும். பின்கட்டில் பீரோவுக்கு அப்பால் இருக்கும் பழைய லேப்டாப், சிக்னல் நலிந்ததால் 1 மெகாபிட் வேகத்துக்கு இறங்கிவிட்டால், அதே துண்டை அனுப்ப 12 மில்லி விநாடி எடுத்துக்கொள்ளும். பங்குக் கிணற்றில் ஆளுக்கொரு குடம் என்று முறைவைத்து இறைக்கும்போது, ஓட்டை வாளியோடு வந்தவர் தம் குடத்தை நிரப்பி முடிக்கும்வரை நல்ல வாளிக்காரர்களும் கரையிலேயே நிற்க வேண்டியிருப்பது போல, இங்கே முறை சமமாகக் கிடைக்கிறதே ஒழியக் காலம் சமமாகப் பிரிவதில்லை. பிரான்சின் கிரெனோபிள் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2003-இல் இதைக் கணக்கிட்டு, மெதுவான ஒரே ஒரு நிலையம் மற்ற எல்லாரையும் தன் வேகத்துக்கும் கீழே இழுத்துவிடுவதை நிரூபித்தார்கள். பின்னர் வந்த ரௌட்டர்களில் சில, நேரத்தையே சமமாகப் பங்கிட முயல்கின்றன. ஆயினும் மெதுவானவரின் சுமை முற்றும் நீங்குவதில்லை.

தூரத்தில் இருப்பவர் தமக்கு மட்டும் இணைப்பு மெதுவாக இருக்கிறது என்று எண்ணுகிறார். ரௌட்டருக்கு அடியிலேயே அமர்ந்திருக்கும் ஆடிட்டர், முழுப் பலமும் காட்டுகிற தம் லேப்டாப் ஏன் தவிக்கிறது என்று திகைக்கிறார். இருவர் துன்பத்துக்கும் காரணம் ஒன்றே என்பது இருவருக்கும் புலப்படுவதில்லை. இணையக் கம்பெனியிடம் வேகத்தை மும்மடங்காக்கிக்கொள்வது இந்நிலையில் ஏன் பயன்படாது என்பதும் இப்போது வெளிப்படை: நெருக்கடி தெருவிலிருந்து வரும் ஃபைபரில் இல்லை, அறைக்குள் இருக்கும் காற்றில் இருக்கிறது. பெரிய ரௌட்டரும் பாதிப் பரிகாரமே. அது உரத்துப் பேசலாம். ஆனால் கைப்பேசியும் லேப்டாப்பும் தங்கள் சிறிய ரேடியோவால் அதே மெல்லிய குரலில்தான் பதில் சொல்லும். ரௌட்டரின் குரல் லேப்டாப்புக்குக் கேட்டு, லேப்டாப்பின் குரல் ரௌட்டருக்குக் கேளாத நிலையில், திரையில் சிக்னல் கோடுகள் நிறைந்திருக்கும், வேலை மட்டும் நடவாது.

இதனோடு சேர்ந்த இன்னொரு விபரீதத்தை டொபாகி, கிளைன்ராக் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1975-லேயே விவரித்தார்கள். முன்கூடத்து லேப்டாப்பும் பின்கட்டு லேப்டாப்பும் ரௌட்டருக்குக் கேட்கும், ஒன்றுக்கொன்று கேளா. ஆகவே இரண்டும், ஆகாயம் மௌனமாக இருக்கிறது என்று நம்பி ஒரே நேரத்தில் பேசி ரௌட்டரின் செவியில் மோதிக்கொள்ளும். ஆள் குறைவாக இருக்கும் நாளில் இது தெரியாது. 20-ஆம் தேதியன்று தெரியும்.

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு பரிசோதனையில் இறங்கலாம். முதற்செயல், காற்றையும் கம்பியையும் வேறு பிரிப்பது. ஒரு லேப்டாப்பைக் கேபிளால் நேரே ரௌட்டரில் இணைத்து, அதன் வைஃபையை அணைத்துவிட்டு, கோளாறு வரும் வேளைக்காகக் காத்திருக்க வேண்டும். வைஃபையில் இருப்பவர்கள் தவிக்கும்போது கேபிளில் உள்ளவர் நிம்மதியாக வேலை செய்தால் குற்றம் காற்றினுடையது. அவரும் தவித்தால் குற்றம் ரௌட்டரிலோ தெருவிலோ இருக்கிறது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் வாங்கப்படும் உபகரணங்களின் விலை முழுவதும் விரயம் என்றே சொல்வேன். அடுத்து, பிங் என்னும் சிறு கட்டளையால் ரௌட்டரின் முகவரியை இடைவிடாது அழைத்துக்கொண்டே இருந்தால், கேபிளில் ஒரு மில்லி விநாடிக்குள்ளும், ஆரோக்கியமான வைஃபையில் சில மில்லி விநாடிகளிலும் பதில் வரும். அது நூற்றுக்கணக்கில் ஏறுவதும் பதிலே வராமல் போவதும் எப்போது என்பதைக் கடிகார நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும். நினைவை நம்பலாகாது. 'எப்போதும் அறுகிறது' என்று சொல்பவர்களின் அலுவலகத்தில்கூட, எழுதிப் பார்த்தால், அறுவதற்கென்று ஒரு வேளை இருப்பது தெரியவரும்.

அந்த நோட்டைப் படிப்பதே நோயறியும் கலை. மதியம் ஒரு மணிக்கும் இரண்டுக்கும் இடையே 2.4 பட்டையில் மட்டும் தடை என்றால் உணவறையில் உள்ள மைக்ரோவேவ் அடுப்பைச் சந்தேகிக்கலாம். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சாமான்யமான அடுப்பு ஒவ்வொரு 20 மில்லி விநாடியிலும் ஏறத்தாழப் பாதி நேரம் அலை வீசும். அதன் கதவிடுக்கில் கசிவது மனிதருக்குத் தீங்கற்ற அளவே எனினும், ஐம்பது கோடியில் ஒரு பங்கைக் கேட்டு வாழும் கருவிக்கு அது பேரிரைச்சல். 5 கிகாஹெர்ட்ஸில் எல்லோரும் ஒருசேர ஒரு நிமிஷம் துண்டிக்கப்பட்டுத் தாமாகவே திரும்பினால், ரௌட்டர் ரேடாருக்கு வழிவிட்டிருக்கக்கூடும். அப்பட்டையின் சில அலைவரிசைகள் ரேடாரோடு பகிர்ந்துகொள்ளப்படுபவை. அங்கே ரேடாரின் துடிப்பைக் கேட்டதாகத் தோன்றினாலே ரௌட்டர் விலக வேண்டும், அரை மணி நேரம் அங்கே திரும்பக் கூடாது, அத்தகைய வேறோர் அலைவரிசைக்குப் போனால் அங்கும் ஒரு நிமிஷம் கேட்டுப் பார்த்த பிறகே பேசலாம் என்பது விதி. ரேடாருக்குச் சேராத அலைவரிசையை நாமே நிர்ணயித்துவிட்டால் இந்தத் துண்டிப்பு நின்றுவிடும். மௌஸ் தாவுவதும் வைஃபை மங்குவதும், வெளி ஹார்டு டிஸ்கைச் செருகும்போது மட்டும் நிகழ்ந்தால், காரணம் யு.எஸ்.பி. 3.0 கேபிள், அது 2.4 பட்டையில் இரைச்சல் எழுப்புவதை இன்டெல் நிறுவனமே 2012-இல் ஆராய்ந்து வெளியிட்டது.

காற்றுக்குச் சம்பந்தமே இல்லாத கோளாறுகளும் காற்றின் வேஷத்தில் வரும். ஏற்கெனவே இணைந்தவர்கள் நன்றாக இருக்க, புதிதாக வந்த கட்சிக்காரரின் கைப்பேசிக்கு மட்டும் இணைப்புக் கிட்டாவிட்டால், ரௌட்டரிடம் வழங்குவதற்கு முகவரி தீர்ந்துவிட்டிருக்கலாம்; சில ரௌட்டர்கள் நூறு முகவரிகளையே வைத்துக்கொண்டு, ஒருமுறை கொடுத்ததை ஒரு நாள் முழுவதும் திரும்பப் பெறாமல் இருக்கின்றன. பிரின்டருக்கு நிலையாகக் கொடுத்த முகவரியையே ரௌட்டர் ஒரு கைப்பேசிக்கும் கொடுத்துவிட்டால், அந்தக் கைப்பேசி வந்து போகும் நேரமெல்லாம் பிரின்டர் மறைந்துவிடும். சிக்னலை எட்டவைக்கும் நல்லெண்ணத்தோடு யாரோ வீட்டிலிருந்து பழைய ரௌட்டர் ஒன்றைக் கொண்டுவந்து செருகிவிட்டால், அதுவும் தன் போக்கில் முகவரி வழங்கத் தொடங்கி, சிலருக்கு இணையம் உண்டு, சிலருக்கு இல்லை என்ற நிலையை உண்டாக்கும். மின்சாரம் மாறும் கணத்தில் பெட்டியே அணைந்து எழுவதானால், நலிந்த அடாப்டரை மாற்றி யு.பி.எஸ்.-இல் இணைத்தால் போதும்.

குற்றம் காற்றினுடையதே என்று தேர்ந்தபின் செய்ய வேண்டியவை சில. ரௌட்டரை மூலை ஆணியிலிருந்து விடுவித்து, நீண்ட கேபிள் கொடுத்து, அலுவலகத்தின் நடுப்பகுதியில், பீரோக்களின் தலைக்கு மேலே உயர்த்தி வைக்க வேண்டும். வேறெந்தச் செலவையும்விட இது பெரிய பலன் தரும். 2.4 பட்டையில் அலைவரிசைகள், அதாவது சேனல்கள், 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் எண்ணிடப்பட்டிருந்தாலும் ஒவ்வொன்றும் சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் கொள்வதால், 1, 6, 11 ஆகிய மூன்றே ஒன்றோடொன்று உராயாதவை. அக்கம்பக்கத்தார் 1-இலும் 6-இலும் இருப்பதைக் கண்டு, காலியாகத் தோன்றும் 3-ஐத் தேர்ந்தெடுப்பவர் இரு சாராரின் பேச்சையும் தெளிவற்ற இரைச்சலாகக் கேட்டுக்கொண்டு, அவர்களுக்கும் இரைச்சலாகிறார். அதே சேனலில் இருப்பவரோடாவது முறை வைத்துக்கொள்ள முடியும். அரைகுறையாக மேலே விழும் சேனலோடு எந்த ஒப்பந்தமும் செய்துகொள்ள முடியாது. அகலத்தை 40 ஆக்கினால் வேகம் கூடும் என்று பெட்டியின் அமைப்புப் பக்கம் ஆசைகாட்டும், மொத்தமே 83.5 மெகாஹெர்ட்ஸ் உள்ள பட்டையில் அது அண்டை வீட்டாரின் பங்கையும் அபகரிப்பதாகும். புதிய கருவிகளை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுவதே உசிதம். அந்த அலை சுவரைத் துளைப்பதில் பலவீனமானது என்பது குறையாகச் சொல்லப்பட்டாலும், அண்டைக் கட்டடத்தாரின் அலையும் நம் சுவருக்கு அப்பாலேயே நின்றுவிடுவதால் நெருக்கமான நகரத்தில் அந்தப் பலவீனம் அநுகூலமே.

பின்கட்டுக்கென்று ரிப்பீட்டர் வாங்கலாமா என்று கேட்பார்கள். ஒரே ரேடியோ உள்ள ரிப்பீட்டர், கேட்ட ஒவ்வொரு சொல்லையும் அதே அலைவரிசையில் திரும்பச் சொல்கிறது. அதாவது ஒரு செய்திக்கு இருமடங்கு காலம் செலவாகிறது. காலமே பற்றாத இடத்தில் காலத்தை இரட்டிப்பாகச் செலவிடும் கருவியை நான் சிபாரிசு செய்யமாட்டேன். பின்கட்டு வரை ஒரு கேபிள் இழுத்து, அதன் முனையில், ரௌட்டரைப் போலவே வைஃபை அலையை வீசும் இரண்டாவது பெட்டியாக ஓர் ஆக்ஸஸ் பாயின்டை வேறு சேனலில், குறைந்த பலத்தில் வைப்பதே சரியான முறை. குறைந்த பலம் என்பதைக் கவனிக்க வேண்டும்: எந்த ஆக்ஸஸ் பாயின்டோடு ஒட்டியிருப்பது என்பதைத் தீர்மானிப்பது லேப்டாப்பே ஆகையால், இரண்டும் உரக்கப் பேசினால், அது முன்கூடத்தில் பற்றியதைப் பின்கட்டுக்கு வந்த பிறகும் விடாமல் பற்றிக்கொண்டு மெலிந்த வேகத்தில் எல்லோரையும் காக்கவைக்கும். 1, 2 மெகாபிட் போன்ற பழைய வேகங்களை அமைப்புப் பக்கத்தில் நிறுத்திவிட்டால் அந்தப் பிடிவாதமும் தளரும். எந்த மாற்றத்தையும் ஒரு நாளைக்கு ஒன்றாகச் செய்து, நோட்டில் எழுதி, பலனைப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். நான்கை ஒரே மாலையில் மாற்றினால் குணம் கண்டாலும் எதனால் கண்டது என்று தெரியாது, மறுமாதம் நோய் திரும்பும்போது மறுபடியும் முதலிலிருந்து தொடங்க நேரும்.

ஆகாயத்தின் காலம் அளவுக்கு உட்பட்டது. அதைப் பெருக்க வழியில்லை, தேவையற்றவர்கள் அதைச் செலவழிக்காமல் பார்த்துக்கொள்ளவே வழி உண்டு. பிரின்டர், கோப்புகளைச் சேமிக்கும் கணிப்பொறி, கண்காணிப்புக் கேமரா, மேசைக் கணிப்பொறி ஆகியவை ஆண்டு முழுவதும் ஓர் இடத்தைவிட்டு அசைவதில்லை. காற்றில் பேசியாக வேண்டிய அவசியம் அவற்றுக்கு இல்லை. அடுத்த 20-ஆம் தேதி வருமுன், உங்கள் அலுவலகத்தில் நகராத பொருள்கள் எவை என்று ஒருமுறை எண்ணிப் பார்த்து, அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு கேபிள் இழுத்துவிடுங்கள். புதிய ரௌட்டர் வாங்கலாமா என்ற கேள்வியை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.